போதை கிட்டார் வாசிப்பதில்லை

1966-ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில், டெக்சாஸின் ஹூஸ்டன் நகரத்துச் சிறு லேபிளான இன்டர்நேஷனல் ஆர்ட்டிஸ்ட்ஸ் ஓர் ஆல்பத்தை வெளியிட்டது. பெயர், 'தி சைகடெலிக் சவுண்ட்ஸ் ஆஃப் தி தர்ட்டீன்த் ஃப்ளோர் எலிவேட்டர்ஸ்'. ராக் வரலாறு எழுதும் யாரும் இதைக் குறிப்பிடாமல் விடுவதில்லை. ஆனால் குறிப்பிடும் விதம் ஏறக்குறைய ஒன்றுதான். எல்.எஸ்.டி. பற்றி ஒரு பத்தி வரும். பாடகர் ராக்கி எரிக்சனின் மனநோய் பற்றி இரண்டு பத்தி வரும். மண் ஜாடியை மைக்கில் வைத்து ஒலியெழுப்பிய விசித்திரம் பற்றி ஒரு வரி வரும். முடிவில், முரட்டுத்தனமான பதிவு என்றாலும் வரலாற்று முக்கியத்துவம் உடையது என்று ஒரு சான்றிதழ். இசையைப் பற்றி ஒன்றும் இருக்காது.

இந்தப் பார்வையின் சாரம் இதுதான்: போதையில் மிதந்த ஐந்து இளைஞர்கள், தாம் செய்வது என்னவென்று அறியாமலே ஒரு புதிய ஒலியைக் கண்டெடுத்தார்கள், வாசிப்பில் தேர்ச்சி இல்லை, பதிவில் நேர்த்தி இல்லை, அந்த ஒலிக்குப் பின்னால் இருந்தது மருந்தும் பித்தும் மட்டுமே. இது தவறு. தவறு என்பதோடு, உழைத்துச் செய்தவர்களின் கையிலிருந்து பலனைப் பறிக்கும் அநியாயமும்கூட. இந்த ஆல்பம் செவித்திறனால், ஒத்திகையால், தெளிவான இசைத் தேர்வுகளால் ஆனது.

முதலில் போதை வாதத்தை எடுத்துக்கொள்வோம். அதற்குச் சாட்சியம் இல்லாமல் இல்லை. குழுவின் பாடலாசிரியரும் சித்தாந்தியுமான டாமி ஹால், எல்.எஸ்.டி.யை அகவிழிப்பின் வழியாகவே நம்பியவர். ஆல்பத்தின் பின்னட்டையில் அவர் எழுதிய குறிப்பு, வேதிப்பொருளால் மனநிலையை மாற்றிக்கொள்வதை வெளிப்படையாகவே முன்வைக்கிறது. பிரமிடும் கண்ணும் சேர்ந்த முன்னட்டை ஓவியமும் அதே கொள்கையின் விளம்பரம். எதிர்த்தரப்பின் மிக வலுவான ஆவணம் இதுதான்; இதை நான் மறைக்கப் போவதில்லை. ஆனால் ஒரு நம்பிக்கையாளர் தன் நம்பிக்கைக்குத் தரும் புகழ்மொழி, இசை எங்கிருந்து வந்தது என்பதற்கு ஆதாரம் ஆகாது. எங்கள் பாட்டு எல்.எஸ்.டி.யின் அருள் என்று ஹால் சொன்னால், அது ஹாலின் சமயம். விமர்சகர் அதை அப்படியே ஏற்றுக்கொண்டால் அது சோம்பல்.

ஆல்பத்தின் முதல் பாட்டே இதற்கு மறுப்பு. 'யூ ஆர் கோனா மிஸ் மீ' என்ற அந்தப் பாட்டை எழுதியவர் எரிக்சன். எலிவேட்டர்ஸ் குழு உருவாவதற்கு முன்பே, 1965-இல், ஆஸ்டினில் அவர் பாடிவந்த ஸ்பேட்ஸ் என்ற குழுவோடு அதைப் பதிவும் செய்திருந்தார். ஹாலின் சித்தாந்தம் அந்தப் பாட்டைத் தொடுவதற்கு முன்பே அதன் மெட்டும் சொற்களும் இருந்தன. சில மாதங்கள் கழித்து, 1966-இன் தொடக்கத்தில், எலிவேட்டர்ஸ் அதே பாட்டை மறுபடி பதிவு செய்தது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். ஒரே பாடகர், ஒரே மெட்டு, ஒரே பாட்டு. ஸ்பேட்ஸின் பதிவு அன்றைய அமெரிக்காவில் எந்த ஊரிலும் கேட்டிருக்கக்கூடிய துடிப்பான கராஜ் ராக். எலிவேட்டர்ஸின் பதிவு வேறு உயரம். இடையில் மாறியது என்ன என்று காதால் தேடினால் விடை கிடைக்கும். டிரம்ஸ் மாறியிருக்கிறது; கிட்டாரின் தொனி மாறியிருக்கிறது; ஜாடி சேர்ந்திருக்கிறது; அலறல் எங்கே விழவேண்டும் என்ற முடிவு மாறியிருக்கிறது. இவை எல்லாம் அரேஞ்ச்மென்ட் சார்ந்தவை. அரேஞ்ச்மென்ட் என்பது தீர்மானம். தீர்மானத்தை எடுப்பது மனிதர்கள்.

இன்னொரு உண்மை போதை வாதத்தின் அடித்தளத்தையே அசைக்கிறது. அந்த ஒலியின் முதுகெலும்பு டிரம்மர் ஜான் ஐக் வால்டன். எல்.எஸ்.டி. தனக்கு ஒத்துவரவில்லை என்று அதிலிருந்து விலகி நின்றவர் அவர். மூன்று பாடல்களை, 'யூ டோன்ட் நோ', 'கிங்டம் ஆஃப் ஹெவன்', 'மங்கி ஐலண்ட்' ஆகியவற்றை, எழுதிக்கொடுத்த பவல் செயின்ட் ஜான் குழுவின் உறுப்பினரே அல்ல. ஆஸ்டினின் நாட்டார் இசை வட்டத்திலிருந்து வந்த பாடலாசிரியர் அவர். 'ஸ்ப்ளாஷ் 1' என்ற மென்மையான காதல் பாட்டை எரிக்சனோடு சேர்ந்து எழுதியவர் ஹாலின் மனைவி கிளமென்டைன் ஹால். போதைக் கதையில் இந்த மூவருக்கும் இடமே கிடையாது. பதினொரு பாடல்களில் நான்கின் ஆசிரியர்களையும் தாளத்தின் முழுப் பொறுப்பாளரையும் வெளியே தள்ளிவிட்டுத்தான் அந்தக் கதை நிற்கமுடியும்.

அடுத்து, வாசிக்கத் தெரியாத பையன்கள் என்ற குற்றச்சாட்டு. கராஜ் ராக் என்றாலே மூன்று கார்டு மட்டும் தெரிந்த விடலைகளின் கூச்சல் என்று ஒரு எண்ணம் வேரூன்றியிருக்கிறது. ஆனால் கிட்டார் வாசித்த ஸ்டேசி சதர்லேண்டும் வால்டனும் ஆல்பத்துக்கு நேற்று ஒன்றுசேர்ந்தவர்கள் அல்ல. லிங்ஸ்மென் என்ற பெயரில், டெக்சாஸ் வளைகுடாக் கரையின் போர்ட் அரான்சாஸ் ஊரில், விடுமுறைக்கு வரும் கூட்டத்துக்கு வாசித்துக் கைபழகியவர்கள். ஆடவந்த கூட்டம் தாளம் தளர்ந்தால் நின்றுவிடும். அந்தப் பள்ளியில் படித்த குழுவிடம் எரிக்சனைக் கொண்டுவந்து சேர்த்தவர் ஹால். ஆக, எலிவேட்டர்ஸின் அடித்தளம் நடன மேடையில் தேறிய ஒரு தாளக் கூட்டணி.

'யூ ஆர் கோனா மிஸ் மீ' இரண்டரை நிமிடப் பாட்டு. அதைக் கொஞ்சம் நெருங்கிக் கேட்கலாம். தொடக்கத்தில் கிட்டார் தனியாக, அழுத்தமாகக் கார்டுகளை அடிக்கிறது. டிரம்ஸும் பேஸும் உள்ளே வரும்போது அவற்றுக்கு மேல் ஜாடி கொப்பளிக்கத் தொடங்குகிறது. எரிக்சன் சொற்களுக்கு முன்பே ஓர் அலறலை எறிகிறார். பிறகு வரும் குரலோ, அலறலின் விளிம்பில் நின்றபடியே சுருதியை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. இதைச் செய்வது எளிதல்ல. தொண்டையைக் கிழித்துக் கத்துவது யாருக்கும் முடியும். கத்தலை மெட்டின் உச்சியில், தாளத்தின் சரியான அடியில் இறக்கி, அடுத்த வரிக்கு மூச்சு மிச்சம் வைப்பது பாடகரின் வேலை. முடிவில் ஹார்மோனிகா நுழைந்து பாட்டை இன்னும் ஒரு படி ஏற்றுகிறது. இதைப் பதிவு செய்தபோது எரிக்சனுக்கு வயது 18.

ஜாடியைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். அதைத்தான் எல்லோரும் வேடிக்கையாகப் பார்த்திருக்கிறார்கள். 1920-களில் லூயிவில், மெம்ஃபிஸ் நகரங்களின் கறுப்பின ஜக் குழுக்கள் ஜாடியின் வாயில் உதட்டை அதிரவைத்து ஊதி, பேஸ் கருவியின் இடத்தை நிரப்பின. ஹால் செய்தது அது அல்ல. நம் கடம்போலத் தட்டி வாசிப்பதும் அல்ல. ஜாடியின் வாய்க்கு அருகே மைக்கைப் பிடித்துக்கொண்டு, அதனுள் தன் குரலை வேகமான சிறுசிறு ஒலிகளாக விட்டார். மண்ணுக்குள் அந்தக் குரல் எதிரொலித்து, மனிதக்குரலின் சாயலும் இயந்திரத்தின் சாயலும் கலந்த ஒன்றாக ஆம்ப்ளிஃபயரில் வெளிவந்தது.

இதைக் கோமாளித்தனம் என்பவர்கள் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். 'ரோலர் கோஸ்டர்' பாட்டைக் கேட்கும்போது கவனத்தை ஜாடியில் மட்டும் வைத்து, அது இல்லாத பாட்டை மனத்தில் கட்டிப் பாருங்கள். ஐந்து நிமிடம் ஓடும் அந்தப் பாட்டில் சதர்லேண்டின் கிட்டார் இருண்ட, தாழ்ந்த சொற்றொடரோடு மெதுவாகத் தொடங்குகிறது. போகப் போகக் காலப்பிரமாணம் ஏறுகிறது. கிட்டார் தங்குகிற இடங்களிலும் ஜாடி நிற்பதில்லை. அடிக்கும் அடிக்கும் நடுவிலுள்ள இடைவெளியை அது நுண்துடிப்பால் நிரப்புகிறது. அதனால் பாட்டு மெதுவாக நகரும்போதுகூட உள்ளே ஒன்று வேகமாக ஓடுவதுபோலத் தோன்றுகிறது. தலை சுற்றும் உணர்வு அங்கிருந்துதான் வருகிறது. இரண்டு வேகங்களை ஒரே நேரத்தில் கேட்கவைப்பது ஒரு தாள உத்தி. பின்னாளில் சின்தசைசரும் சீக்வென்சரும் செய்த இந்த வேலையை, 1966-இல் ஒரு மண்பாத்திரத்தையும் ஒரு மைக்கையும் ஒரு தொண்டையையும் வைத்துச் செய்திருக்கிறார்கள். இதற்குப் பெயர் கண்டுபிடிப்பு.

சதர்லேண்டின் கிட்டாரும் அப்படியே. 'ரிவெர்பரேஷன்' பாட்டின் பொருள், சந்தேகம் மனத்துக்குள் எதிரொலித்து எதிரொலித்து மனிதனைப் பிடித்துவைப்பது. அந்தப் பொருளைக் கிட்டாரின் ரிவெர்பே சொல்கிறது. ஒவ்வொரு ஸ்வரமும் தன் வாலை இழுத்துக்கொண்டு அடுத்த ஸ்வரத்தின்மேல் விழுகிறது. 'ஃபயர் எஞ்ஜின்' பாட்டில் சைரன் சத்தத்தை எரிக்சன் வாயாலேயே எழுப்புகிறார். 'கிங்டம் ஆஃப் ஹெவன்' மெல்ல, கனத்து, ஏறக்குறைய வழிபாட்டுப் பாடலின் நடையில் போகிறது. முரட்டுக் கூச்சல் ஒன்றே தெரிந்தவர்களுக்கு இத்தனை வேறுபட்ட நடைகள் வராது. எல்லாப் பாட்டும் ஒரே தரம் என்று நான் சொல்லவில்லை. 'மங்கி ஐலண்ட்' போன்ற பாட்டு முதல் பாட்டின் எடைக்கு வராது. ஆனால் எதற்கு எந்த ஒலி என்ற கேள்வியை ஒவ்வொரு பாட்டிலும் கேட்டிருக்கிறார்கள்.

பதிவு மோசம் என்கிறார்கள். பெரும்பகுதியை 1966 அக்டோபரில் டல்லஸ் நகரின் சுமெட் ஸ்டுடியோவில் மிகக் குறுகிய காலத்தில் பதிவு செய்தார்கள் என்பது உண்மை. பேஸ் மங்கியிருக்கிறது, குரல்கள் சில இடங்களில் பின்னால் போகின்றன என்பதும் உண்மை. ஆனால் லண்டனின் அபி ரோட்டில் பீட்டில்ஸுக்குக் கிடைத்த மாதங்களை அளவுகோலாக்கி, சில நாட்களே கிடைத்த ஒரு குழுவை அளப்பது நியாயமல்ல. மேலும், பின்னாளில் வந்த மறுவெளியீடுகளை, அதுவும் குரலும் கருவிகளும் பிரிந்து இளைத்துப்போன ஸ்டீரியோ வடிவங்களைக் கேட்டுத் தீர்ப்பு எழுதியவர்கள் ஏராளம். மோனோ பதிப்பில் இதே இசை ஒரே கட்டியாக வந்து மோதுகிறது. ஜாடியும் கிட்டாரும் டிரம்ஸும் ஒன்றுக்குள் ஒன்று கலந்து ஒலிப்பதுதான் இந்த ஆல்பத்தின் இயல்பு. பிரித்து வைத்தால் ஜாடி துருத்திக்கொண்டு நிற்கும், வேடிக்கையாகவும் தோன்றும். அந்தக் குறை ஜாடியின்மேல் ஏறக்கூடாது.

சைகடெலிக் ராக் சான் ஃபிரான்சிஸ்கோவில் பிறந்தது, டெக்சாஸ் அதன் ஒரு கிளை என்ற வழக்கமான வரைபடத்தையும் திருத்தவேண்டியிருக்கிறது. 'முதல்' என்ற பட்டத்துக்காக நான் வாதாடவில்லை. 1966 ஆகஸ்டில் பீட்டில்ஸின் 'ரிவால்வர்' வந்துவிட்டது. தலைப்பிலேயே 'சைகடெலிக்' என்ற சொல்லைக்கொண்ட வேறு ஆல்பங்களும் எலிவேட்டர்ஸின் ஆல்பம் வந்த அதே பருவத்தில் வந்தன. ஆனால் ஜெஃபர்சன் ஏர்ப்ளேனின் 'சர்ரியலிஸ்டிக் பில்லோ' 1967 பிப்ரவரியில், கிரேட்ஃபுல் டெட்டின் முதல் ஆல்பம் 1967 மார்ச்சில், பிங்க் ஃபிளாய்டின் முதல் ஆல்பம் 1967 ஆகஸ்டில் வந்தன என்பதை மறக்கக்கூடாது. 1966-இன் இலையுதிர் காலத்தில் சான் ஃபிரான்சிஸ்கோவின் அவலான் பால்ரூமில் எலிவேட்டர்ஸ் வாசித்தபோது, தங்கள் ஒலியை ஊரிலிருந்தே முழுமையாகக் கொண்டுபோயிருந்தார்கள். அந்த நகரிடம் கடன் வாங்கவில்லை.

அவர்களின் சொந்த ஊர் எப்படிப்பட்டது என்பதையும் சேர்த்தே பார்க்கவேண்டும். கஞ்சா வைத்திருந்தால் இரண்டு ஆண்டு முதல் ஆயுள் வரை சிறை தரக்கூடிய சட்டம் அன்றைய டெக்சாஸில் இருந்தது. 1966 ஜனவரியிலேயே குழு காவல்துறையிடம் சிக்கியது. நீண்ட முடியோடு தெருவில் நடந்தாலே சந்தேகத்துக்கு ஆளாகும் மாநிலம் அது. கலிஃபோர்னியாக் குழுக்களுக்கு இருந்த ஆதரவான சூழலும் நாளிதழ்களும் பெரிய லேபிள்களும் இவர்களுக்கு இல்லை. இருந்தும் 'யூ ஆர் கோனா மிஸ் மீ' சிங்கிள் பில்போர்டு பட்டியலில் 55-ஆம் இடம்வரை போனது.

'55-ஆம் இடம்தானே? ஒரு சிறு கூட்டம் கொண்டாடும் குழுதானே?' என்று கேட்பவர்களுக்கு, அந்த ஒலி கைமாறிப் போன பாதையைக் காட்டினால் போதும். ஹூஸ்டனில் இளைஞராக இருந்த பில்லி கிப்பன்ஸ் தன் குழுவுக்கு மூவிங் சைட்வாக்ஸ் என்று பெயர் வைத்தார். 1967-இல் '99த் ஃப்ளோர்' என்ற பாட்டை வெளியிட்டார். எலிவேட்டர்ஸின் நிழல் பெயரிலேயே தெரிகிறது. அவர்தான் பிறகு ஸீஸீ டாப் குழுவை அமைத்தவர். 1972-இல் லென்னி கே தொகுத்த 'நகட்ஸ்' என்ற இரட்டை இசைத்தட்டு, மறக்கப்பட்ட கராஜ் பாடல்களை அடுத்த தலைமுறையின் கையில் கொடுத்தது. அதில் 'யூ ஆர் கோனா மிஸ் மீ' இருந்தது. அந்த லென்னி கேதான் பாட்டி ஸ்மித்தின் கிட்டாரிஸ்ட் ஆனார். நியூயார்க்கின் டெலிவிஷன் குழு 'ஃபயர் எஞ்ஜின்' பாட்டை மேடையில் வாசித்தது. இங்கிலாந்தின் ஸ்பேஸ்மென் 3 தன் முதல் ஆல்பத்தில், 1986-இல், 'ரோலர் கோஸ்டரை' எடுத்து நீட்டி முழக்கியது. 1990-இல் எரிக்சனைக் கௌரவித்து வந்த தொகுப்பில் ஆர்.ஈ.எம்., ஸீஸீ டாப், ஜீசஸ் அண்ட் மேரி செயின், பிரைமல் ஸ்க்ரீம் எல்லோரும் பாடினார்கள். எலிவேட்டர்ஸின் இரண்டாவது ஆல்பத்திலிருந்து எடுத்த பாட்டை பிரைமல் ஸ்க்ரீம் தன் 'ஸ்க்ரீமடெலிகா' ஆல்பத்திலும் சேர்த்தது. ஆஸ்டினில் 2008-இல் தொடங்கிய சைகடெலிக் இசைவிழா பின்னர் 'லெவிடேஷன்' என்ற பெயரை எடுத்துக்கொண்டது. அதுவும் எலிவேட்டர்ஸின் பாட்டுப் பெயர்தான்.

இந்தப் பட்டியலை நான் பெருமைக்காக அடுக்கவில்லை. இதற்குள் ஒரு வாதம் இருக்கிறது. ஒருவர் இன்னொருவரிடமிருந்து எதைக் கற்றுக்கொள்ள முடியும்? ஒரு ரிஃப்பைக் கற்கலாம். ஒரே கார்டில் நின்று இறுக்கத்தை ஏற்றும் வழியைக் கற்கலாம். ரிவெர்பைப் பாட்டின் பொருளாகவே ஆக்கும் முறையைக் கற்கலாம். மெட்டு கெடாமல் அலறும் இடத்தைக் கற்கலாம். இவ்வளவையும் பின்னால் வந்தவர்கள் கற்றிருக்கிறார்கள். அவர்கள் பதிவுகளில் காதுக்குக் கேட்கிறது. பித்தை யாரும் யாரிடமும் கற்க முடியாது. போதையை வாங்கலாம், ஆனால் அதை வாங்கிய ஆயிரமாயிரம் பேரிடமிருந்து இப்படி ஓர் ஆல்பம் வரவில்லை. கைமாறிப் பயன்பட்டிருக்கிறது என்றால், அங்கே இருந்தது தொழில்.

கடைசியாக, இந்த மொத்தப் பார்வையிலும் என்னை அதிகம் கோபப்படுத்துவது எரிக்சனைப் 'பித்தமேதை' ஆக்கும் வழக்கம். காலத்தை வரிசையாக வைத்துப் பாருங்கள். ஆல்பம் வந்தபோது அவருக்கு 19 வயது. மேடையில் சொற்கள் குழறத் தொடங்கியது 1968-இல், சான் அன்டோனியோவில். நோய் என்னவென்று மருத்துவர்கள் கண்டறிந்ததும் அதன் பிறகுதான். 1969-இல் ஒரே ஒரு கஞ்சாச் சுருட்டுக்காகக் கைதானார். நீண்ட சிறைவாசத்துக்குத் தப்ப, மனநலம் சரியில்லை என்று வாதிட்டார்கள். விளைவு, ஆஸ்டின் மருத்துவமனை, மின் அதிர்ச்சிச் சிகிச்சை, பிறகு குற்றவாளிகளை அடைத்துவைக்கும் ரஸ்க் மனநல மருத்துவமனை. 1972 வரை அங்கே இருந்தார். இருபதுகளின் தொடக்கம் முழுவதும் போயிற்று.

ஆல்பத்துக்குப் பிறகு நடந்ததை எடுத்து, மூன்று ஆண்டுக்கு முந்தைய இசைக்குக் காரணமாக்குவது எந்த முறை? நோய் அவருக்கு இசை கொடுக்கவில்லை. நோயும் அதைவிடக் கொடிய சட்டமும் அவரிடமிருந்து இசையைப் பறித்தன. பித்திலிருந்து மேதைமை பிறந்தது என்று கதை கட்டும்போது, ரஸ்க்கின் கம்பிகள்கூட ஏதோ காவியத்தின் அலங்காரமாகிவிடுகின்றன. ஒரு மாநில அரசு ஒரு பாடகனுக்குச் செய்த கொடுமைக்கு அந்தக் கதை கவித்துவமான மன்னிப்பு வழங்குகிறது. நோயுற்றவர்களை நேசிப்பதாக நினைத்துக்கொண்டு அவர்களின் நோயை நேசிக்கும் ரசனை இது. இதைக் கைவிடவேண்டும்.

2015-இல், குழுவின் ஐம்பது ஆண்டு நிறைவையொட்டி, எரிக்சனும் ஹாலும் வால்டனும் பேஸ் வாசித்த ரானி லெதர்மேனும் ஆஸ்டினின் லெவிடேஷன் விழாவில் மீண்டும் ஒன்றாக மேடையேறினார்கள். சதர்லேண்ட் 1978-லேயே இறந்துவிட்டார். 2019-இல் எரிக்சனும் போய்விட்டார். அப்போது வந்த அஞ்சலிகள் பலவற்றிலும் மீண்டும் அதே மருந்து, அதே மருத்துவமனைதான் முன்னே நின்றன.

ஓர் ஆல்பத்தை மதிப்பது என்றால் அதைச் செய்தவர்களின் கணக்கில் அதைச் சேர்ப்பது. ஜாடியின் துடிப்பை ஹாலின் கணக்கில், நிலைகுலையாத தாளத்தை வால்டனின் கணக்கில், வால் நீண்ட ஸ்வரங்களைச் சதர்லேண்டின் கணக்கில், மூன்று பாடல்களைச் செயின்ட் ஜானின் கணக்கில், 'ஸ்ப்ளாஷ் 1'-இன் ஒரு பாதியைக் கிளமென்டைனின் கணக்கில், அந்தக் குரலை எரிக்சனின் கணக்கில் எழுதவேண்டும். அப்படி எழுதி முடித்தபின் எல்.எஸ்.டி.க்கென்று எவ்வளவு மிஞ்சுகிறது என்று பாருங்கள். ஒரு பின்னட்டைக் குறிப்பு மட்டும் மிஞ்சும்.